தடம் கண்ட யானையும் தடவிக் கண்ட யானையும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல ஏதாவது சமண நூலைப் பற்றி எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழுத உட்கார்ந்தது தொலைக்காட்சியில் பார்த்த ஒரு கதையைப் பற்றி. ஆனால் அதன் வேரைத் தேடித் தேடிப் போனபோது, கடைசியில் அது நம்ம வீட்டுச் சுவடியிலேயே வந்து நின்றது. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். தொழில் அரிசி வியாபாரம். ஆகவே இதைப் பேராசிரியர் ஆய்வாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு வியாபாரி மூட்டைக்குள் குத்தூசி விட்டுப் பார்த்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்டில், கொரோனா அடங்கியும் அடங்காமலும் இருந்த சமயம், ஹெப்பாளில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘நெற்றிக்கண்’ பார்த்தோம். தியேட்டருக்கு வராமல் நேராக வீட்டுக்கு வந்த படம். விபத்தில் பார்வையை இழந்த சி.பி.ஐ. அதிகாரி துர்காவாக நயன்தாரா நடித்திருந்தார். பெண்களைக் கடத்தும் ஒரு கொடியவனை அவர் காதாலும் மூக்காலும் அறிவாலும் தேடிப் பிடிக்கிறார். படம் முடிந்ததும் என் மகள் கேட்டாள்: “ஏம்பா, கண்ணு தெரியாதவங்க துப்பறியற மாதிரி முதல்ல யார்ப்பா எழுதினது?” பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர், “நம்ம சிவண்ணா ‘கவச’ பண்ணினாரே, அதுதான் முதல்” என்றார். அது 2019. அதற்கு மூலம் மோகன்லால் நடித்து 2016இல் வந்த மலையாள ‘ஒப்பம்’. ‘நெற்றிக்கண்’ணுக்கு மூலம் 2011இல் வந்த ‘பிளைண்ட்’ என்ற கொரியப் படம். அதற்கும் முன்னால்? இந்தக் கேள்விதான் என்னை மூன்று வருஷம் அலைய வைத்தது.

தொலைக்காட்சிக்கு வந்த கேப்டன்

பார்வையற்ற துப்பறிவாளரைக் கதாநாயகனாக வைத்து அமெரிக்காவில் 1971இல் ‘லாங்ஸ்ட்ரீட்’ என்ற தொடர் வந்தது. அப்போது நம் நாட்டில் டில்லியில் மட்டும்தான் தொலைக்காட்சி. சென்னைக்கு வந்ததே 1975இல்தான். மைக் லாங்ஸ்ட்ரீட் என்பவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிகிறவர். எதிரிகள் வைத்த வெடிகுண்டில் மனைவி இறக்கிறாள், அவருக்குப் பார்வை போகிறது. பாக்ஸ் என்ற வழிகாட்டி நாயையும், எதிரில் உள்ள பொருளின் தூரத்தைச் சொல்லும் மின்னணுக் கோலையும் துணையாகக் கொண்டு தொழிலைத் தொடர்கிறார். அவருக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தருகிறவராக நான்கு பகுதிகளில் வந்தவர் புரூஸ் லீ என்றால் நம் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தொடர் 1972இல் முடிந்துவிட்டது.

இதற்கு மூலம், பேனார்ட் கெண்ட்ரிக் என்ற எழுத்தாளர் படைத்த கேப்டன் டங்கன் மக்லேன். முதல் நாவல் ‘தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்’, 1937. மக்லேன் முதல் உலகப்போரில் கண்ணை இழந்த ராணுவ அதிகாரி. அவரிடம் இரண்டு நாய்கள்: ஷ்னுக்கே வழிகாட்ட, டிரைஸ்ட் காவலுக்கு. இவரை வைத்து 1942இல் ‘ஐஸ் இன் தி நைட்’ என்ற திரைப்படமும் வந்தது.

கெண்ட்ரிக்குக்கு இந்த எண்ணம் வந்த விதம்தான் முக்கியம். முதல் உலகப்போரின்போது லண்டனில், கண்ணிழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் ஒரு வீரரைச் சந்திக்கிறார். அந்த வீரர் கெண்ட்ரிக்கின் சீருடையிலிருந்த சின்னங்களை விரலால் தடவிப் பார்த்தே, அவர் எந்தப் படையில் எங்கெங்கே இருந்தார் என்று சொல்லிவிட்டாராம். பின்னாளில் கெண்ட்ரிக் தமக்கு ஒரு விரதம் வைத்துக்கொண்டார்: உண்மையில் ஒரு பார்வையற்றவரால் செய்ய முடியாத எதையும் மக்லேன் செய்யக்கூடாது. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களின் பயிற்சிக்கும் இவர் உதவினார். அதாவது, கதைக்காக அவர்களிடம் வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

காசு தடவிய கராடோஸ்

இந்த விரதம் எதற்கு? கெண்ட்ரிக்குக்கு முன்னோடி ஒருவர் உண்டு. எர்னஸ்ட் பிராமா என்ற ஆங்கிலேயர் படைத்த மேக்ஸ் கராடோஸ். கதைகள் 1914இல் நூலாக வந்தன. கராடோஸ் பெரிய பணக்காரர், பழங்காசு சேர்ப்பவர். முதல் கதையிலேயே ஒரு பழைய கிரேக்க வெள்ளிக்காசைத் தொட்டுப் பார்த்துப் போலி என்று சொல்லிவிடுகிறார். பிராமாவும் நாணய ஆராய்ச்சி செய்தவர். ஆங்கிலச் செப்புக்காசுகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆகவே காசு விஷயத்தில் அவர் சொல்வதை நம்பலாம். என் தாத்தா வெள்ளி ரூபாயைக் கல்லில் சுண்டி, சத்தத்தை வைத்தே தள்ளிவிடுவார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கராடோஸ் அதோடு நிற்கவில்லை. அச்சடித்த செய்தித்தாளை விரலால் தடவியே படித்துவிடுகிறார்! இங்கேதான் கெண்ட்ரிக் முகம் சுளித்தார். வாசகர்களும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 1923இல் வந்த இரண்டாம் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில், உண்மையில் வாழ்ந்த பார்வையற்றோரின் அரிய செயல்களை வரிசையாகச் சொல்லிப் பிராமா வாதாடுகிறார்.

உண்மை மனிதர் என்றால் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் நீதிபதியாக இருந்த சர் ஜான் ஃபீல்டிங். ‘டாம் ஜோன்ஸ்’ நாவலை எழுதிய ஹென்றி ஃபீல்டிங்கின் மாற்றாந்தாய்ச் சகோதரர். இளம் வயதிலேயே பார்வை போய்விட்டது. லண்டனின் முதல் துப்பறியும் காவலர்களான போ தெரு வீரர்களைப் பல ஆண்டுகள் நடத்தியவர் இவர்தான். 3000 குற்றவாளிகளைக் குரலை வைத்தே அடையாளம் சொல்வார் என்று பெயர். 3000 என்பது ஊர்ப்பேச்சில் பெருகிய கணக்காகவும் இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் இருந்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், தீர்ப்புச் சொன்னார். இதில் சந்தேகமில்லை.

ஆக, இந்தப் பாத்திரத்துக்கு இரண்டு வம்சாவளி என்று எனக்குப் படுகிறது. ஒன்று கராடோஸ் வழி: கண் போனால் அதற்குப் பதிலாகத் தெய்வம் வேறு சக்தி கொடுத்துவிடும் என்ற அற்புத வழி. இன்னொன்று மக்லேன் வழி: இருக்கிற புலன்களை வைத்து, பழகிப் பழகி, விசாரித்து அறிகிற வழி.

நம்ம வீட்டு யானைகள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். எங்கள் கடைக்கு எதிரில் துணிக்கடை வைத்திருந்த ராஜஸ்தானத்துப் பெரியவர் ஒருவர் சுவேதாம்பர மரபினர். நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் திகம்பரர். மரபு வேறானாலும் மத்தியானத்தில் வியாபாரம் மந்தமானால் சாத்திரம் பேசுவோம். நந்தி சூத்திர உரையில் உள்ள ஒரு கதையை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

ஒரே குருவிடம் நிமித்தம் படித்த இரண்டு மாணவர்கள் வழியில் பெரிய கால்தடங்களைப் பார்க்கிறார்கள். “யானை போயிருக்கு” என்கிறான் ஒருவன். மற்றவன், “யானை இல்லை, பெண் யானை. அதற்கு ஒரு கண் தெரியாது. மேலே போனது ஒரு ராணி. அவள் கர்ப்பிணி” என்கிறான். போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. எப்படித் தெரிந்தது? யானை நீர் விட்ட விதத்தால் பெண் யானை. வழியில் ஒரு பக்கத்து இலைதழை மட்டும் தின்னப்பட்டிருந்ததால் ஒரு கண் குருடு. செடியில் சிக்கியிருந்த சிவப்பு நூலால் ராணி. அவள் கையை ஊன்றி எழுந்த தடத்தால் கர்ப்பிணி. முதல் மாணவன் குருவிடம் போய், “எனக்கு நீங்கள் சரியாகச் சொல்லித்தரவில்லை” என்று குறைப்படுகிறான். குரு சொல்கிறார்: இருவருக்கும் ஒரே பாடம்தான்; அவன் ஆராய்ந்தான், நீ ஆராயவில்லை.

இதே வகைக் கதை தமிழில் அலகேசர் கதையில் காணாமற்போன ஒட்டகமாக வருகிறது. 1557இல் வெனிஸ் நகரில் அச்சான செரண்டிப் இளவரசர் கதையிலும் ஒட்டகம்தான். அதிலிருந்து 1747இல் வால்டேரின் ‘ஜாடிக்’குக்குப் போய், மேல்நாட்டுத் துப்பறியும் கதைக்கே அது ஒரு மூதாதை ஆயிற்று. அலகேசர் கதையை ஆங்கிலத்தில் தந்த பண்டித நடேச சாஸ்திரியே 1894இல் ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணரின் கதையைத் தமிழில் எழுதினார் என்பதையும் கவனியுங்கள்.

அதே நந்தி சூத்திரம் அறிவை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று தொழில் பழக்கத்தால் வரும் அறிவு. அதற்கு உரையில் காட்டும் உதாரணம், இருட்டிலும் கையால் தொட்டே நல்லது கெட்டது சொல்லும் பொற்கொல்லன். கராடோஸின் காசு ஞாபகம் வருகிறதா? பிராமா இதைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. காசைத் தொடுகிற கை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

இன்னும் ஒரு படி போகலாம். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் எங்கள் இரு மரபுக்கும் பொது. புலனறிவு நான்கு படியாக வளர்கிறது என்கிறது அது: அவக்ரஹம், ஈஹா, அவாயம், தாரணை. வாசலில் ஏதோ சத்தம் கேட்பது முதல் படி. அது என்ன என்று அறிய விழைவது இரண்டாவது. இன்னாருடைய காலடிதான் என்று முடிவு கட்டுவது மூன்றாவது. அதை மனத்தில் பதித்து வைப்பது நான்காவது. இந்த நான்கும் எல்லாப் புலனுக்கும் பொது. கண்ணுக்குத் தனிச் சலுகை கிடையாது. சொல்லப்போனால், மெய், வாய், மூக்கு, செவி நான்கும் பொருளைத் தொட்டு அறிகின்றன. கண் ஒன்றுதான் தொடாமலே அறிகிறது என்பது சமணர் கொள்கை. அதற்கும் மேலே, புலன் வழியாக வரும் அறிவு எல்லாமே மறைமுக அறிவுதான் என்கிறது அதே நூல். கண்ணுள்ளவன் “நான் நேரில் பார்த்தேன்” என்று மார்தட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தானே!

இரண்டாவது யானை உங்களுக்குத் தெரிந்ததுதான். பார்வையற்றவர்கள் யானையைத் தடவி, ஒருவர் தூண் என்றும் ஒருவர் முறம் என்றும் சண்டை போட்ட கதை. பௌத்த உதானத்திலும் உண்டு. அநேகாந்த வாதத்தை விளக்க நாங்களும் சொல்வோம். இதைக் கேட்கிறவர்கள், பாவம் கண் இல்லாததால் தவறு செய்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கே இல்லை. காலைத் தடவினவர் தூண் போல இருக்கிறது என்று சொன்னது சரியே. பக்கத்தில் நின்றவரிடம் “உங்க கைக்கு என்ன கிடைச்சுது?” என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் கதையில் ஒரு மாணவனுக்கு இருந்த விசாரணை, இரண்டாவது கதையில் ஒருவருக்கும் இல்லை. கண் இருப்பதும் இல்லாததும் இரண்டிலும் விஷயமே அல்ல.

திரையில் நாம் செய்தது

தமிழில் பார்வையற்றவரை நாம் கவியாக வணங்கினோம். அந்தகக்கவி வீரராகவ முதலியார், மாம்பழக் கவிச்சிங்க நாவலர் எல்லாம் நம் பெருமை. கன்னட நாட்டில் கதக் வீரேஸ்வர புண்யாசிரமத்தில் பஞ்சாட்சரி கவாயி, புட்டராஜ கவாயி என்று இசையில் வணங்கினார்கள். இது நல்லதுதான். ஆனால் கவிதையிலும் சங்கீதத்திலும் “உன் சாட்சி சரியா?” என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. துப்பறியும் கதையில்தான் அந்தக் கேள்வி வருகிறது. பார்வையற்றவரின் சொல் சாட்சியாக நிற்குமா நிற்காதா? இந்தப் பாத்திரத்தின் பெறுமதி முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

இந்த உரைகல்லில் நம் படங்களை உரைத்துப் பார்க்கிறேன். மிஷ்கினின் ‘சைக்கோ’வில் (2020) பார்வையற்ற இசைக்கலைஞன் ஒருவன், உடல் செயலிழந்த முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவரின் துணையோடு கொலைகாரனைத் தேடுகிறான். ஒருவருக்குக் கண், மற்றவருக்குக் கால். நம் இரட்டைப் புலவர் தோளில் சுமந்து வந்த ஏற்பாடு இது. காட்டுத்தீயில் குருடரும் முடவரும் சேர்ந்து தப்பியதைச் சமண உரைகாரர்கள் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் உவமையாகச் சொல்வார்கள். ஆனால் அவன் காரோட்டிப் போகும் இடம் வந்ததும் படம் கராடோஸ் வழிக்குத் தாவிவிடுகிறது.

‘நெற்றிக்கண்’ணில் எனக்குப் பிடித்தது சண்டை அல்ல. தான் ஏறியது வாடகைக் கார் என்று துர்கா நினைக்கிறாள். கண்ணால் பார்த்த பையனோ, அது வாடகைக் காரே இல்லை என்கிறான். யார் சொல்வது சரி? அவள் கேட்டதும் உண்மை, அவன் பார்த்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்த பிறகுதான் வழக்கு நகர்கிறது. கொரிய மூலத்திலேயே உள்ள இந்த முடிச்சு ஒன்றுக்காகவே படத்தைப் பாராட்டலாம். துர்கா தவறலாம், தவறினாலும் அவள் சாட்சி மதிப்பிழக்கவில்லை. இப்படிப்பட்ட படத்துக்கு ‘நெற்றிக்கண்’ என்ற பெயர்தான் எனக்கு ஒட்டவில்லை. இரண்டு கண் போனவளுக்கு மூன்றாவதாக ஒரு தெய்வக் கண்ணைக் கொடுத்தால்தான் நமக்குத் திருப்தி. காதும் மூக்கும் மூளையும் போதும் என்று சொல்ல நமக்கு மனசு வரவில்லை.

பெரியப்பாவின் மண்டி

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் பெரியப்பாவுக்குக் கண் அழுத்த நோயால் ஐம்பது வயதில் பார்வை போய்விட்டது. ஆனாலும் ஊரில் எங்கள் அரிசி மண்டியை அவர்தான் நடத்தினார். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, பல்லில் கடித்து, பழசா புதுசா, எத்தனை மாதம் என்று சொல்வார். படியேறும் சத்தத்திலேயே, “வாங்க” என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வருவார்கள்.

1974இல், எனக்குப் பதினான்கு வயது. ஒரு நாள் பழைய அரிசி மூட்டையில் புது அரிசி கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அது சரி. ராத்திரி மண்டிக்குள் போனது மூட்டை தூக்கும் பையன்தான், அவன் செருப்பு சத்தம் எனக்குத் தெரியும் என்றார். அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். அவன் எவ்வளவோ அழுதான். ராத்திரி நான் திண்ணையில் படுத்திருந்தேன். அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனது வேறு ஆள், எங்கள் வீட்டு ஆளே, என்று பார்த்திருந்தேன். சொல்லவில்லை. வீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கப் பயம் ஒரு பக்கம். பெரியப்பா சொன்னால் தப்பாது என்று ஊரே நம்பியது இன்னொரு பக்கம்.

ஒரு வருஷம் கழித்து விஷயம் தானாக வெளியே வந்தது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “ஏன்டா, நீ பாத்தியாமே?” என்றார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு...” என்று இழுத்தேன். “செருப்பைத்தான்டா நான் கேட்டேன். காலை நீ பாத்தே. வந்து சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். அந்தப் பையனைத் தேடி ஆள் அனுப்பினார். அவன் குடும்பத்தோடு எங்கேயோ பிழைக்கப் போய்விட்டான், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாராவது அவருடைய சக்தியைப் புகழ்ந்தால் பெரியப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

அவர் செய்த தவறு மூன்றாம் படியான முடிவில். நாங்கள் செய்த தவறு அதைவிடப் பெரிது. அவரை அற்புதமாக ஆக்கி, சாட்சி என்ற நிலையிலிருந்து இறக்கிவிட்டோம். சாட்சி என்றால் குறுக்கே கேள்வி கேட்டிருப்போம். கெண்ட்ரிக்கின் விரதம் வெறும் எழுத்து நாணயம் மட்டும் அல்ல, ஒரு மனிதருக்குக் கொடுக்கும் மரியாதை என்று எனக்குப் புரிந்தது, அவரைப் பற்றிப் படித்தபோது, இந்த ஹெப்பாளில், இவ்வளவு காலம் கழித்து.

என் மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: துப்பறியும் பார்வையற்றவரை மேல்நாட்டில் எழுத்தில் நாட்டியவர் பிராமா, சரியாக நிறுத்தியவர் கெண்ட்ரிக், தொலைக்காட்சிக்கு வந்தது கெண்ட்ரிக்கின் ஆள். அந்த ஆளின் அறிவுக்கு இலக்கணம் மட்டும் நம் நூல்களில் முன்னமே இருந்தது. இனி தமிழில் யாராவது அப்படி ஒரு தொடர் எடுத்தால், அவருக்கு நெற்றிக்கண் வேண்டாம். அவர் தவறும்போது “இல்லீங்க, நான் வேற மாதிரி பார்த்தேன்” என்று சொல்ல, திண்ணையில் ஒரு பையனை வைத்தால் போதும்.

கட்டுரையில் பிழை இருந்தால் கற்றறிந்தோர் கடைப் பக்கம் வந்து சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.